10 வெள்ளிக்கு ஆஸ்டா நீல்சன்: சுங்கை சிப்புட் மாடிக் காட்சி எப்படி இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். நாற்காலி மோசம், காற்றாடி போதாது, எட்டு மணி என்று சொன்னால் எட்டரைக்கு மேல்தான் படம் ஓடும், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வாத்தியார் ஐயா அளவுக்கு மீறிப் பேசுவார், கொசு வேறு. இத்தனையும் தெரிந்தே போகலாம் என்கிறேன். 10 வெள்ளி டிக்கெட்டில் ஒரு தே தாரிக், இரண்டு மசால் வடை, புந்தோங்கிலிருந்து வரவழைக்கும் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம், அதோடு நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவே வாய் பிளந்து பார்த்த ஒரு நடிகையின் ஊமைப்படம் முழுசாக. வயதானவர்களுக்கு 5 வெள்ளிதான். அதற்கு மேல் நன்கொடை போட விரும்பினால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மைலோ டின் இருக்கிறது.

இடம் தெரியாதவர்களுக்கு: டவுனில் பழைய கடைவீட்டு வரிசையில் ஒரு காப்பிக்கடை, அதன் மாடி. "பேர் போடாதே தம்பி, ஈப்போக்காரங்க வந்து நிறைஞ்சிட்டா நம்ம ஆளுங்களுக்கு உட்கார இடம் இருக்காது" என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் பேரை விட்டுவிட்டேன், ஊருக்குள் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மரப்படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான், மூட்டுவலிக்காரர்கள் சீக்கிரம் வந்து மெதுவாக ஏறுங்கள். கழிப்பறை கீழே, அடுப்படிக்குப் பின்னால். காரில் வருபவர்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம், மோட்டாரில் வந்தால் கடை வாசலிலேயே விட்டுவிடலாம்.

காட்சி சனிக்கிழமை இரவுகளில். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு நடிகரையோ நடிகையையோ எடுத்துக்கொண்டு வாரம் ஒரு படமாகப் போடுகிறார்கள், இந்தச் சுற்று ஆஸ்டா நீல்சன். டென்மார்க்கில் பிறந்து ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்தவர், எல்லாம் ஊமைப்பட காலம். சுங்கை சிப்புட்டில் யார் இதையெல்லாம் பார்க்க வருவார்கள் என்று எனக்கும் தோன்றியது, கேட்டேன். அண்ணனின் அம்மா லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள், லயத்துச் சனம் முழுக்கப் பாயோடு வந்து உட்காரும், கொஞ்சம் தாமதமாக வந்த பிள்ளைகள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடவலமாகப் பார்ப்பார்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, ஆட்கள் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு அந்தப் பெண்களுக்கு இரவில் கூடி உட்கார ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. டிவி சீரியல் அவரவர் வீட்டில். பேச்சே இல்லாத படம் என்றால் மொழி தெரியவில்லை என்ற சாக்கும் இல்லை, அதனால்தான் இதை ஆரம்பித்தேன் என்றார் அண்ணன். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் அம்மாவின் கூட்டாளிகள்தான். மீதி காந்தி கலாசாலையில் படித்து இப்போது வேறு ஊரில் வேலை பார்த்து வார இறுதிக்கு வீடு வரும் பிள்ளைகள்.

இப்போது நடிகைக்கு வருவோம். வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள், இரண்டு பக்கமும் தமிழில் ஆஸ்டாவின் கதை. எழுத்து மகா பொடி, கண்ணாடி போட்டவர்களே திணறுகிறார்கள், அடுத்த சுற்றுக்காவது பெரிதாக அடிக்கட்டும். ஆனால் விஷயம் நன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். 1881 செப்டம்பர் 11 அன்று கோப்பன்ஹேகனில் பிறந்தவர். அப்பா கொல்லர் வேலை தெரிந்தவர், பல நாள் வேலையே கிடைக்காது. அம்மா துணி துவைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அப்பாவுக்கு வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் குடும்பம் நகர்ந்தது, நீரிணையைத் தாண்டி சுவீடனின் மால்மோவில் சில காலம் இருந்தார்கள். ஆஸ்டாவுக்குப் பதினான்கு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். பதினெட்டு வயதில் டென்மார்க்கின் அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் இடம் கிடைத்தது. இருபது வயதில் பெண் குழந்தை, பேர் ஜெஸ்டா. கல்யாணம் ஆகவில்லை. குழந்தையின் தகப்பன் யார் என்று அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை, தன் அம்மாவையும் அக்காவையும் துணைக்கு வைத்துக்கொண்டு தானே வளர்த்தார், படிப்பையும் முடித்தார்.

இதை வாத்தியார் வாசித்தபோது எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பேரைச் சொல்லி என்ன ஆகப்போவுது, அவனா வந்து கஞ்சி ஊத்தப் போறான்?" அந்த வரிசையே சிரித்தது. அதற்கப்புறம் ஆஸ்டாவை அவர்கள் நடிகையாகப் பார்க்கவில்லை, பக்கத்து லயத்துப் பெண்ணாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் 'படுகுழி', 1910இல் வந்தது, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாடகத்தில் பெரிதாக வாய்ப்பு அமையாமல் கிடந்த ஆஸ்டாவுக்காக உர்பான் காட் என்பவர் எழுதி இயக்கிய படம். இரண்டு வருஷம் கழித்து இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். செலவு 8,000 குரோனர். கோப்பன்ஹேகனில் கொஸ்மோராமா என்ற கொட்டகையில் செப்டம்பர் 12ஆம் தேதி முதல் காட்சி, அதாவது ஆஸ்டாவின் இருபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள். அதே 1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறி, இந்தப் பக்கத்தில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டு, நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே பார்த்தேன், படத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான்.

கதை எளிது. மக்டா பியானோ சொல்லிக்கொடுக்கும் பெண். டிராமில் ஒரு நல்ல பையனைச் சந்திக்கிறாள், பாதிரியார் மகன். விடுமுறைக்கு அவன் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள். மற்றவர்கள் தேவாலயத்துக்குக் கிளம்ப இவள் சர்க்கஸ் பார்க்கப் போக வேண்டும் என்கிறாள், அங்கே ருடோல்ஃப் என்ற சர்க்கஸ்காரன். போல் ரொய்மர்ட் நடித்திருக்கிறார், பின்னால் டென்மார்க் நாடக மேடையில் பெரிய ஆள் ஆனவர். இரவில் அவன் ஏணி வைத்து ஜன்னலுக்கு ஏறி வருகிறான், இவள் அவனோடு ஓடிப்போகிறாள். "இவன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே, இதுக்கு ஏணி வேறயா" என்று முன்வரிசை. அவன் மற்ற பெண்களோடு சுற்றுகிறான், இவளை அடிக்கிறான், இவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான், கடைசியில் இவள் கையாலேயே சாகிறான்.

அந்த நடனக் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தப் படத்தை உலகம் இன்னும் வைத்திருக்கிறது. மேடையில் ஆஸ்டா ஒட்டிப் பிடித்த கறுப்பு உடையில் ரொய்மர்ட்டைக் கயிற்றால் கட்டி, அவனைச் சுற்றிச் சுற்றி இடுப்பை உரசி ஆடுகிறார். கேமரா மேடையின் பக்கவாட்டிலிருந்து அசையாமல் பார்க்கிறது, வெட்டே கிடையாது. சில நாடுகளில் தணிக்கைக்காரர்கள் இதில் கத்தி வைத்தார்கள். இன்றைக்குத் தமிழ்ப்படக் குத்துப்பாட்டு பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன என்று தோன்றலாம். ஆனால் குத்துப்பாட்டில் ஆடுகிறவர் நம்மைப் பார்த்து ஆடுகிறார், இங்கே அவள் நம் பக்கம் திரும்புவதே இல்லை, அவள் கோபம், ஆசை எல்லாம் கட்டுண்டு நிற்கும் அந்த ஒருவன் மேல்தான். பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டால், பன்னிரண்டு வயதுக்கு மேல் பரவாயில்லை என்பேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் வந்திருந்தான், அவனுக்கு ஏணிக் காட்சிதான் பிடித்தது.

கொலைக்கு அப்புறம் போலீஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது. மற்ற ஊமைப்படங்களில் இந்த இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து விழுவார்கள், அந்தக் கால மேடை நடிப்பு அப்படி. ஆஸ்டா ஒன்றுமே செய்யவில்லை. கை தொங்குகிறது, கண் எங்கேயோ நிலைத்திருக்கிறது, நடக்கிறார், அவ்வளவுதான். மெலிந்த முகம், அதில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கரிய பெரிய கண்கள். கேமராவுக்கு முன்னால் குறைத்துச் செய்தால் போதும், திரை மீதியைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும் என்பதைச் சினிமா பிறந்து பதினைந்து வருஷத்துக்குள் கண்டுகொண்டவர் அவர். இதைக் கைப்பேசியில் பார்த்தால் விளங்காது. மாடியில் சுவர் அகலத்துக்கு அந்த முகம் வரும்போதுதான் விளங்கும், 10 வெள்ளி முழுக்க அதற்குத்தான்.

சரி, இங்கேதான் என் பெரிய குறை. அந்தக் காட்சி ஓடும்போது நம் வாத்தியார் ஐயா, "பார்த்தீர்களா, தன் வாழ்க்கை அழிந்துவிட்டதே என்று அவள் உள்ளம் கதறுகிறது, பாவத்தின் சம்பளம்..." என்று மைக்கில் ஆரம்பித்துவிட்டார். தமிழ்நாட்டில் ஊமைப்படம் ஓடிய கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பாராம், அந்த வழக்கத்தைத் தொடர்கிறோம் என்கிறார்கள். நல்ல யோசனைதான். டேனிஷ், ஜெர்மன் எழுத்து திரையில் வரும்போது தமிழில் சொல்ல யாராவது வேண்டும், அதை ஐயா அழகாகச் செய்கிறார், குரலும் கணீரென்று இருக்கிறது. ஆனால் எழுத்து போன பிறகும் நிறுத்துவதில்லை. அவள் முகம் சொல்லிக்கொண்டிருப்பதையே அவர் மறுபடி சொல்கிறார், அதுவும் ஒழுக்கப் பாடம் சேர்த்து. இடைவேளையில் பலரும் மெல்ல முணுமுணுத்தார்கள், நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கடைசியில் அண்ணனின் அம்மாவே சொல்லிவிட்டார்: "ஐயா, எங்களுக்கும் கண்ணு இருக்குங்க." ஐயா சிரித்துவிட்டு அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார், இப்போது எழுபது சதவீதம் சரி. இன்னும் குறைக்கலாம்.

இசையும் நேரடிதான். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன், கோயில் உறுமி மேளக் குழுவிலிருந்து இரண்டு பேர். முதல் வாரம் அந்தப் பையன் பழைய காதல் பாட்டு மெட்டாக வாசித்துத் தள்ளினான், ஜனம் படத்தை விட்டுவிட்டு இது எந்தப் பாட்டு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்தியது நல்லது. இப்போது ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் விடுகிறான், அது ஆஸ்டாவின் நடிப்புக்குப் பொருந்துகிறது. உறுமியைப் பற்றி 'ஹாம்லெட்' படத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் 1911இன் 'கறுப்புக் கனவு', 'பாலே நடனக்காரி'. முதலாவதில் சர்க்கஸில் குதிரை மேல் சாகசம் செய்யும் பெண், சூதாட்டக் கடனில் மாட்டிக்கொண்ட காதலனுக்காக நகை வியாபாரியிடம் அட்டிகை திருடுகிறாள், அவனோ இவளைத் தப்பாக நினைத்துச் சுட்டுவிடுகிறான். காதலனாக வரும் வால்டமார் சிலாண்டர் அந்தக் காலத்து டென்மார்க்கின் ஆணழகன். படம் பரவாயில்லை, முன்வரிசைக்கு ரொம்பப் பிடித்தது, "கேட்டுட்டுச் சுடக் கூடாதாடா" என்று அவனைத் திட்டித் தீர்த்தார்கள். 'பாலே நடனக்காரி' சுமார். நாலாவதாக 1919இன் 'வெளிச்சத்தை நோக்கி'. ஊதாரித்தனமாக வாழும் ஒரு சீமாட்டி திருந்தி மதப் பிரச்சாரத்துக்குப் போகும் கதை. எனக்கு இது பிடிக்கவில்லை, திருந்திய பிறகு ஆஸ்டாவுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, வாத்தியார் ஐயாவுக்கு மட்டும் கொண்டாட்டம். அந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது போட்டிருக்கலாம்.

ஏன் இந்த நாலைப் போட்டார்கள் என்றால், ஆஸ்டா தன் சொந்த நாட்டில் நடித்தவை மொத்தமே இந்த நாலுதான். நடித்த 74 படங்களில் 70 ஜெர்மனியில் எடுத்தவை. 'படுகுழி' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து பால் டேவிட்சன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளர் இயக்குநர் உர்பான் காட், ஆஸ்டா இருவரையும் சேர்த்துக் கொத்திக்கொண்டு போனார். முதல் உலகப் போருக்குள் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 80,000 டாலர் அளவுக்கு ஏறியதாகச் சொல்வார்கள், அந்தக் காலத்தில் ஒரு சினிமா நடிகைக்கு அது கனவுத் தொகை. ஜெர்மனியில் வெறுமனே 'ஆஸ்டா' என்றால் போதும், யாரென்று கேட்க மாட்டார்கள். போர்க்களத்தில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள் அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள், அதுவும் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும். நகைச்சுவையும் நடித்திருக்கிறார், முப்பது வயது தாண்டிய பிறகு 1914இல் ஒரு படத்தில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக வேஷம் போட்டு வீட்டாரை ஏமாற்றும் பதினேழு வயதுப் பெண்ணாக வருகிறார். அந்தப் படத்தை ஒருநாள் போடுங்கள் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பிரதி கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். நாலு வாரமும் பெண் கெட்டுப்போவது, சாவது, திருந்துவது என்று பார்த்த சனத்துக்கு ஒரு நாளாவது சிரிக்கக் கொடுத்திருக்கலாம்.

ஐந்தாவது வாரம் 'ஹாம்லெட்'. இந்தச் சுற்றிலேயே இதுதான் உச்சம், ஒரே ஒரு வாரம்தான் போக முடியும் என்றிருந்தால் இதற்குத்தான் போகச் சொல்லியிருப்பேன். ஆஸ்டா 1920இல் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி எடுத்தது, 1921இல் வெளியானது, ஸ்வென் காடெயும் ஹைன்ஸ் ஷாலும் இயக்கியது. ஷேக்ஸ்பியர் கதைதான், ஆனால் ஒரு திருகல்: ஹாம்லெட் பெண். ராஜா போரில் செத்துப்போனார் என்று தப்பான செய்தி வந்த நேரத்தில் ராணிக்குப் பெண் குழந்தை பிறக்கிறது, அரியணை கைவிட்டுப் போய்விடுமே என்று ஆண் குழந்தை என்று அறிவித்துவிடுகிறாள். ராஜா உயிரோடு திரும்பி வந்த பிறகும் பொய்யை மாற்ற முடியவில்லை. அமெரிக்கர் ஒருவர் 1881இல், ஹாம்லெட் உண்மையில் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடி ஒரு புத்தகமே எழுதியிருந்தார், அந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மேல்நாட்டு விமர்சகர்களுக்கு இது பெரிய அதிசயம். மாடியில் யாரும் அசரவில்லை. வாத்தியார் சொல்லி முடிப்பதற்குள், "சிகண்டி கதைதானே" என்று பின்னால் இருந்து ஒரு தாத்தா சொன்னார். துருபதன் மகளை மகன் என்று சொல்லி வளர்க்கவில்லையா? கோயிலில் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வியப்பே இல்லை. அதனால் எல்லோரும் நேரே விஷயத்துக்குப் போய்விட்டார்கள்: இந்தப் பிள்ளை இந்தப் பொய்யை எத்தனை நாள் உடம்பில் சுமப்பாள்? கறுப்பு உடை, குட்டையாக வெட்டிய முடி, நாற்பதை நெருங்கும் வயதில் ஆஸ்டா இளவரசனாக நடந்து வருகிறார். ஆண் வேஷம் போட்ட நடிகை நெஞ்சை நிமிர்த்தி மீசை முறுக்குவது நாம் பார்த்துப் பழகியது, இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. நண்பன் ஹொரேஷியோ பக்கத்தில் வரும்போது மட்டும் ஒரு கணம் கண் தாழ்கிறது, உடனே சமாளித்துக்கொள்கிறார். அவனோ ஒஃபீலியாவை விரும்புகிறான். ஹாம்லெட் செத்து மடியில் கிடக்கும்போதுதான் கை நெஞ்சில் பட்டு அவனுக்கு உண்மை தெரிகிறது. இந்தப் படத்தின் சாயம் தீட்டிய பழைய பிரதி ஒன்று கிடைத்து, ஜெர்மனியில் செப்பனிட்டு 2007இல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டினார்கள். நீலமும் பழுப்புமாக மாறி மாறி வரும் அந்த வண்ணத்தில் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது.

உறுமி இங்கேதான் வந்தது. வாள் சண்டையில் இரண்டு பேரும் விளாசிவிட்டார்கள், தகரக் கூரை அதிர்ந்தது, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனர் ஒருவர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசிவரை நின்றே பார்த்தார். சத்தம் அதிகம்தான், ஆனாலும் எனக்கு அது வேண்டும். ஹொரேஷியோ கை வைக்கும் இடத்தில் உறுமியும் நிறுத்தம், கீபோர்டும் நிறுத்தம், ஐயாவும் வாய் திறக்கவில்லை. யார் யாரிடம் சொல்லி வைத்தார்களோ தெரியாது, இனி எல்லாப் படத்துக்கும் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளட்டும்.

கடைசி வாரம் பாப்ஸ்ட் இயக்கிய 1925இன் 'மகிழ்ச்சியில்லாத தெரு'. நீளமான படம், அன்றைக்கென்று நேரம் கழித்து ஆரம்பித்து நள்ளிரவுக்குப் பக்கத்தில் முடித்தார்கள், பாட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட ஆள் ஏற்பாடு செய்திருக்கலாம். போர் முடிந்த வியன்னா, பணத்துக்கு மதிப்பே இல்லை, கசாப்புக் கடை வாசலில் இரவெல்லாம் பெண்கள் வரிசை. கசாப்புக்காரனுக்குப் பிடித்த பெண்ணுக்குக் கறி கிடைக்கும், மற்றவர்களுக்கு இல்லை. வெர்னர் கிராவுஸ் அந்தக் கசாப்புக்காரனாக வந்து மனசைக் கலக்கிவிட்டார். பத்தொன்பது வயது கிரெட்டா கார்போ ஒரு பெண், நாற்பத்து மூன்று வயது ஆஸ்டா இன்னொரு பெண். படத்தை நாட்டுக்கு நாடு தணிக்கையில் வெட்டினார்கள், சில பிரதிகளில் ஆஸ்டாவின் பகுதி பெரும்பாலும் போய்விட்டது, கார்போ ஹாலிவுட்டில் பெரிய பேர் வாங்கியதும் அது கார்போ படமாகவே ஆகிவிட்டது. இங்கே போட்டது இருவரும் இருக்கும் பிரதி.

அன்றைக்கு இடைவேளையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சாப்பிடவில்லை, எல்லோரும் ஜப்பான்காரன் காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாழைமர நோட்டு கட்டுக் கட்டாக இருந்தும் அரிசி வாங்க முடியாமல் மரவள்ளிக்கிழங்கை மூன்று வேளையும் தின்றது, ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் பெண்கள் மட்டும் தோட்டத்தில் கிடந்தது, ஒரு படி அரிசிக்கு யார் யாரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது என்று தங்கள் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன கதைகள். அந்தத் தெருவை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சு ஈப்போவில் எந்தச் சினிமாக் கொட்டகை இடைவேளையில் கிடைக்கும், சொல்லுங்கள்.

படங்களுக்கு அப்பாலான ஆஸ்டாவின் கதையை ஐயா கடைசி வாரம் முடித்து வைத்தார். பேசும்படம் ஒன்றே ஒன்றுதான் நடித்தார், 1932இல். அப்புறம் மேடைக்குப் போய்விட்டார். நாஜிகள் சொந்த ஸ்டுடியோ தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1930களின் பிற்பகுதியில் டென்மார்க்குக்கே திரும்பிவிட்டார். ஜெர்மனியில் மாட்டிக்கொண்ட யூதர்களுக்கு இளைஞர் ஒருவர் மூலம் பணம் அனுப்பி உதவினார். தன் வரலாற்றை எழுதினார், துணித் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தார். 1964இல் மகள் ஜெஸ்டா தற்கொலை செய்துகொண்டார். 1968இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, வேறு ஒருவர் தன்னைப் பற்றி எடுத்த ஆவணப்படம் பிடிக்காமல் தானே ஒன்றை இயக்கினார். 1970இல் எண்பத்தெட்டு வயதில் கல்யாணம், 1972 மே 25 அன்று தொண்ணூறாவது வயதில் மறைவு. எண்பத்தெட்டில் கல்யாணம் என்றதும் மாடியில் கைத்தட்டல்.

ஒரு ஆதங்கம், கடைக்குச் சம்பந்தமில்லாதது. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் 'கீசக வதம்' இன்று இல்லை, முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. டென்மார்க்காரர்கள் 1910இல் 8,000 குரோனருக்கு எடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், டேனிஷ் திரைப்படக் கழகம் மிஞ்சிய ஊமைப்படங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாகவே பார்க்க வைத்திருக்கிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேனே என்பவர்கள் அங்கே 'படுகுழி'யைப் பார்க்கலாம், தப்பில்லை. முன்வரிசைப் பாட்டிகள் மட்டும் அதில் வர மாட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தலையணை ஒன்று கொண்டுபோங்கள், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார முடியாது. இடது பக்கச் சுவரோரம் உட்கார்ந்தால் காற்றாடி கிடைக்கும், தூண் மறைக்காது. வடை ஏழரைக்குள் சூடாக இருக்கும், அப்புறம் ஆறிப்போனதுதான். தே தாரிக்கில் சர்க்கரை குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். மாடி முழுக்க அறுபது பேர்தான் கொள்ளும், அதனால் வெள்ளிக்கிழமைக்குள் கடையில் சொல்லி வையுங்கள். அடுத்த சுற்றுக்கு யார் என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் இருபது பேர் கேட்டால் 'ஹாம்லெட்'டை மறுபடி போடுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது, என் பேரை எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள்.